பிரிட்டனைப் பேச்சுக்கு இழுத்தவர், எல்லைக்கோட்டிடம் தோற்றவர்: யார் இந்த மைக்கேல் காலின்ஸ்?

டப்ளின், 1920. பிரிட்டிஷ் ராணுவமும் போலீஸும் ஊரை வீதி வீதியாகச் சலித்துக்கொண்டிருக்கின்றன. அவர்கள் தேடும் ஆளோ கோட், சூட், டை சகிதம் அதே வீதிகளில் சைக்கிளில் போய்வந்துகொண்டிருக்கிறார். வழியில் சிப்பாய்கள் நிறுத்தினால் சிரித்துப் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார். தலைமறைவாக இருக்கிறவன் இப்படியா டிரெஸ் பண்ணுவான் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. போதாக்குறைக்கு, அவருடைய தெளிவான போட்டோ ஒன்றுகூட போலீஸ் கையில் இல்லை.

அவர்தான் மைக்கேல் காலின்ஸ். அடுத்த ஆண்டே லண்டனில் பிரிட்டிஷ் பிரதமருக்கு எதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினார். அதற்கடுத்த ஆண்டு சொந்த நாட்டுக்காரர்களின் துப்பாக்கிக்குப் பலியானார். அப்போது அவருக்கு வயது 31.

இறந்து 100 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இரண்டாகப் பிரிந்து கிடக்கும் அயர்லாந்து மறுபடி ஒன்றாகுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இவர் பெயரும் சேர்ந்தே வருகிறது. ஆயுதத்தை நியாயப்படுத்துபவர்களும் இவரைக் காட்டுகிறார்கள், ஆயுதத்தைக் கீழே போட்டதற்கு உதாரணமாகவும் இவரையே காட்டுகிறார்கள். ஒரே ஆள் எப்படி இரண்டு பக்கத்துக்கும் சாட்சியாக முடியும்? அதைப் புரிந்துகொள்ள அவருடைய கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் வரைபடம். அயர்லாந்து தீவில் மொத்தம் 32 கவுண்டிகள், அதாவது நம்ம ஊர் மாவட்டங்கள் மாதிரி. அதில் 26 இன்று தனி நாடு, அயர்லாந்து குடியரசு. வடகிழக்கில் இருக்கும் 6 மட்டும் வடக்கு அயர்லாந்து என்ற பெயரில் பிரிட்டனோடு இருக்கின்றன. தீவு முழுக்கக் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. வடகிழக்கில் மட்டும், 17ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்களின் வழிவந்த புராட்டஸ்டன்ட்கள் அதிகம். இவர்களில் பெரும்பாலோர் பிரிட்டனோடு இருக்கவே விரும்பினார்கள். அதனால் யூனியனிஸ்ட்கள் என்று பெயர். தனிநாடு கேட்டவர்களில் தீவிரமானவர்கள் குடியரசுவாதிகள்.

தபால் ஆபீஸ் கிளார்க்

1890 அக்டோபர் 16 அன்று, தென்மேற்கே கார்க் கவுண்டியில் கிளோனகில்டி ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் காலின்ஸ். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. இவர் பிறக்கும்போது அப்பாவுக்கு 70 வயது தாண்டியிருந்தது. இவருக்கு 6 வயதிருக்கும்போது அவர் இறந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் படித்த கிராமத்துப் பையனுக்கு இருந்த வழி அரசுத் தேர்வுதான். 1906ல் தேர்வு எழுதி, லண்டனில் அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் கிளார்க் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா ஹேனி ஏற்கெனவே லண்டனில் இருந்தார். அவரோடு தங்கல். அதன்பின் பங்குத் தரகு நிறுவனம், அரசு அலுவலகம், அமெரிக்க வங்கி ஒன்றின் லண்டன் கிளை என்று வேலை மாறினார். அதாவது, பேரரசின் தலைநகரில் உட்கார்ந்து கணக்கு எழுதவும் கோப்புகளைப் பராமரிக்கவும் கற்றுக்கொண்டார். பிற்பாடு அதே பேரரசுக்கு எதிராக அவருக்குக் கைகொடுத்ததும் இந்தப் பழக்கம்தான்.

1909ல் ஐரிஷ் குடியரசு சகோதரத்துவம் என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்தார். 1916 ஜனவரியில் டப்ளின் திரும்பினார். அந்த ஏப்ரலில்தான் ஈஸ்டர் எழுச்சி. சுமார் ஒரு வாரம் நகரின் தலைமைத் தபால் நிலையத்தைக் கைப்பற்றி வைத்திருந்த கூட்டத்தில் காலின்ஸும் ஒருவர், ஆனால் பெரிய ஆளில்லை. எழுச்சி நசுக்கப்பட்டது. செத்த 480 பேருக்கும் மேற்பட்டவர்களில் பாதிக்கு மேல் சாதாரணப் பொதுமக்கள். டப்ளின்காரர்களில் பலர் முதலில் கோபப்பட்டது கலகக்காரர்கள் மீதுதான். பிரிட்டிஷ் ராணுவம் தலைவர்களை நாள் கணக்கில் இழுத்து இழுத்துச் சுட்டுக் கொன்றதும் அந்தக் கோபம் திசை மாறியது. காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள்.

வேல்ஸில் ஃப்ரான்காக் முகாமில் அடைக்கப்பட்டிருந்த காலின்ஸ் டிசம்பரில் விடுதலையானபோது ஒரு முடிவுக்கு வந்திருந்தார். கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சாவதெல்லாம் கவிதைக்குச் சரி, போருக்குச் சரிவராது.

கார்பன் காப்பி யுத்தம்

1918 டிசம்பர் தேர்தலில் தனிநாடு கேட்ட ஷின் ஃபெயின் கட்சி, அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐ அள்ளியது. ஜெயித்தவர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போகவில்லை. 1919 ஜனவரி 21 அன்று டப்ளினிலேயே டாயில் என்ற தங்கள் சொந்த நாடாளுமன்றத்தைக் கூட்டினார்கள். அதே நாளில் டிப்பரரி கவுண்டியில் சிலர், டாயிலிடம் அனுமதி எதுவும் கேட்காமல், இரண்டு போலீஸாரைச் சுட்டுக் கொன்றார்கள். ஓட்டும் தோட்டாவும் ஒரே தேதியில் பிறந்ததால் இந்த விவகாரத்தில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது இன்றுவரை கஷ்டமாக இருக்கிறது.

காலின்ஸுக்கு இரண்டு வேலை. ஒன்று, டாயிலின் நிதியமைச்சர். தடை செய்யப்பட்ட அரசுக்காக மக்களிடம் கடன் பத்திரம் விற்று சுமார் 3,70,000 பவுண்டு திரட்டினார். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். இந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று வங்கிகளைத் துருவ வந்த ஆலன் பெல் என்ற மாஜிஸ்ட்ரேட்டை, 1920 மார்ச்சில் காலின்ஸின் ஆட்கள் பட்டப்பகலில் டிராமிலிருந்து இறக்கிச் சுட்டுக் கொன்றார்கள். டிராமில் இருந்த யாரும் தடுக்கவில்லை.

இரண்டாவது வேலை, ஐ.ஆர்.ஏ எனப்படும் ஐரிஷ் குடியரசுப் படையின் உளவுப் பிரிவு. அதுவரை அயர்லாந்துக் கலகங்கள் எல்லாம் உளவாளிகளால்தான் கெட்டன. காலின்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். டப்ளின் போலீஸின் அரசியல் துப்பறியும் பிரிவில் நெட் ப்ராய் என்ற அதிகாரி இவர் பக்கம் வந்தார். 1919 ஏப்ரலில் ஓர் இரவு, ப்ராய் கதவைத் திறந்துவிட, காலின்ஸ் போலீஸ் ஆவண அறைக்குள் போய் விடிய விடியக் கோப்புகளைப் படித்தார். தன்னைப் பற்றிய கோப்பும் அதில் இருந்தது. ராணுவ அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்த லிலி மெர்னின், அடிக்கும் கடிதங்களுக்குக் கூடுதலாக ஒரு கார்பன் காப்பி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். (1996ல் வந்த லியாம் நீசன் படத்தைப் பார்த்தவர்களுக்கு: அதில் ப்ராய் கொல்லப்படுவார். நிஜத்தில் அவர் 1930களில் அயர்லாந்துப் போலீஸின் தலைவராகவே ஆனார்.)

தகவல் ஒரு பக்கம். அதை வைத்துச் செயல்பட இளைஞர்களைக் கொண்ட ஒரு கொலைப்படை இன்னொரு பக்கம். துப்பறியும் அதிகாரிகளுக்கு முதலில் எச்சரிக்கை போகும். கேட்காதவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலோ ஆபீஸுக்குப் போகும் வழியிலோ சுடப்பட்டார்கள். சுடப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ்காரர்கள், கத்தோலிக்கர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

1920 நவம்பர் 21. இந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டு காலின்ஸைப் பற்றிப் பேச முடியாது.

பிரிட்டிஷ் உளவு அதிகாரிகள் என்று கருதப்பட்டவர்களின் முகவரிகள் சேகரிக்கப்பட்டிருந்தன. காலை 9 மணிக்கு டப்ளினில் பல வீடுகளுக்குள் ஒரே நேரத்தில் ஐ.ஆர்.ஏ ஆட்கள் நுழைந்தார்கள். பலர் அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார்கள், சிலர் இன்னும் படுக்கையில். மனைவி பக்கத்தில் இருக்கும்போதே சுடப்பட்டவர்களும் உண்டு. 15 பேர் உயிர் போனது.

அன்று மதியம் குரோக் பார்க் மைதானத்தில் டப்ளினுக்கும் டிப்பரரிக்கும் கேலிக் கால்பந்துப் போட்டி. ஆயிரக்கணக்கில் கூட்டம். அங்கே புகுந்த போலீஸ் படை கூட்டத்தை நோக்கிச் சுட்டது. 14 பேர் பலி. அதில் 3 பேர் குழந்தைகள், ஒருவர் டிப்பரரி அணியின் வீரர் மைக்கேல் ஹோகன். இரவு, காவலில் இருந்த ஐ.ஆர்.ஏ தலைவர்கள் இருவரும், அவர்களோடு பிடிபட்ட ஓர் அப்பாவியும் டப்ளின் கோட்டைக்குள் கொல்லப்பட்டார்கள்.

ராணுவக் கணக்கில் பார்த்தால் காலின்ஸுக்கு வெற்றி. பிரிட்டிஷ் உளவு வலை அன்று கிழிந்தது. ஆனால் காலையில் செத்த எல்லோரும் உளவாளிகள்தானா? இல்லை. மக்கார்மாக் என்ற அதிகாரி கால்நடை மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர், கோவேறு கழுதை வாங்க வந்திருந்தவர். பின்னாளில் அவருடைய அம்மா கடிதம் எழுதிக் கேட்டபோது, அவர் உளவாளி என்பதற்குத் தங்களிடம் ஆதாரம் இருக்கவில்லை என்று காலின்ஸே சகாவிடம் ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் இன்றைய விவாதம் சூடாகிறது. அயர்லாந்தில் பலருக்கு 1920ன் ஐ.ஆர்.ஏ நல்ல ஐ.ஆர்.ஏ, 1970களின் ஐ.ஆர்.ஏ கெட்ட ஐ.ஆர்.ஏ. முதலாவதுக்குச் சிலை உண்டு, அரசு மரியாதை உண்டு. வித்தியாசம் என்ன என்று கேட்டால், 1918ல் மக்கள் தந்த தீர்ப்பைச் சொல்வார்கள். அது சும்மா தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. பிற்கால ஐ.ஆர்.ஏவுக்கு வடக்கில் கத்தோலிக்கர்களிடம்கூடத் தேர்தல் பெரும்பான்மை இருந்ததில்லை. ஆனால் 1918ல் வாக்காளர்களிடம், வீட்டுக்குள் புகுந்து ஆட்களைச் சுடலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஐ.ஆர்.ஏ செய்ததற்கெல்லாம் பொறுப்பேற்பதாக டாயில் முடிவெடுத்ததே 1921 மார்ச்சில்தான். அதற்குள் போர் ஏறக்குறைய முடியும் கட்டம். ஆக, கோடு இருக்கிறது, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு அது தடிமனான கோடு இல்லை.

கோடு எப்போது போடப்பட்டது?

காலின்ஸ் லண்டனுக்குப் போய்ப் பேசித்தான் நாடு பிரிந்தது என்று ஒரு பொதுப் புரிதல் உண்டு. தேதிகளைப் பார்த்தால் அது தப்பு.

தனிநாட்டுக்கு எதிராக வடகிழக்கில் முன்பே படை திரண்டிருந்தது. 1912ல் பல லட்சம் யூனியனிஸ்ட்கள் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 1914ல் லார்ன் துறைமுகம் வழியாக அவர்களுக்குச் சுமார் 25,000 துப்பாக்கிகள் கள்ளத்தனமாக வந்திறங்கின. அந்தத் தலைமுறையில் துப்பாக்கியை அரசியலுக்குள் பெரிய அளவில் கொண்டுவந்தவர்கள் யூனியனிஸ்ட்கள்தான் என்பதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. பிரிவினைச் சட்டம் 1920ல் நிறைவேறியது. உல்ஸ்டர் மாகாணத்தின் 9 கவுண்டிகளில் 3ஐ விட்டுவிட்டு, தங்களுக்குப் பத்திரமான பெரும்பான்மை கிடைக்கும் 6ஐ மட்டும் யூனியனிஸ்ட்கள் எடுத்துக்கொண்டார்கள். 1921 ஜூன் 22 அன்று பெல்ஃபாஸ்ட்டில் வடக்கின் நாடாளுமன்றத்தை மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் திறந்துவைத்தார். தெற்கில் போர் நிறுத்தம் வந்தது அதற்குப் பிறகு, ஜூலை 11ல். காலின்ஸ் பேச உட்கார்ந்தது அக்டோபரில்.

டாயில் அரசின் தலைவர் ஈமன் டி வலேரா தானே லண்டன் போகாமல் ஆர்தர் கிரிஃபித், காலின்ஸ் உள்ளிட்ட ஐந்து பேரை அனுப்பினார். ஏன் போகவில்லை என்று நூறு வருஷமாகச் சண்டை ஓடுகிறது. (டி வலேராவை நமக்கும் வேறு வழியில் தெரியும். 1937ல் அவர் கொண்டுவந்த அரசியலமைப்பிலிருந்துதான் நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிமுறைகள் எடுக்கப்பட்டன. டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும்.)

டிசம்பர் 6 அதிகாலை, உடனே போர் என்ற மிரட்டலுக்கு நடுவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிடைத்தது முழுக் குடியரசு இல்லை. கனடா மாதிரி டொமினியன் அந்தஸ்து, மன்னர் பெயரில் ஓர் உறுதிமொழி, மூன்று துறைமுகங்கள் பிரிட்டிஷ் கடற்படைக்கு. வடக்கு விலகிக்கொள்ளலாம், விலகினால் எல்லையை மறுபரிசீலனை செய்ய ஓர் ஆணையம் வரும். அங்கே வாழும் மக்களின் விருப்பத்தையும், பொருளாதார, நிலவியல் நிலைமைகளையும் பார்த்து அது கோட்டைத் திருத்தும்.

காலின்ஸ் நம்பியது இந்த ஆணையத்தைத்தான். டைரோன், ஃபெர்மனா கவுண்டிகளில் கத்தோலிக்கர்களே அதிகம். அவை தெற்குக்கு வந்துவிட்டால் மிச்சமுள்ள வடக்கு தனியாக நிற்க முடியாமல் தானாகவே வந்து சேரும் என்பது கணக்கு. கணக்கில் கெட்டிக்காரரான அவர், ஆணையத்தின் தலைவரை நியமிக்கப்போவது லண்டன் என்பதை ஏன் லேசாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

ஒரு கையில் பேனா, மறு கையில்?

1922 ஜனவரி 7 அன்று டாயிலில் வாக்கெடுப்பு. 64க்கு 57 என ஒப்பந்தம் தப்பித்தது. இது கடைசி இலக்கு இல்லை, அதை நோக்கிப் போகக் கிடைத்த படிக்கட்டு என்பது காலின்ஸ் வாதம். டி வலேரா வெளிநடப்பு செய்தார். ஆச்சரியம் என்னன்னா, அந்த நீண்ட விவாதத்தில் ஆட்கள் சண்டை போட்டது பெரும்பாலும் மன்னர் உறுதிமொழியைப் பற்றி. பிரிவினைக்கு ஒதுங்கிய நேரம் கொஞ்சம்தான்.

இடைக்கால அரசின் தலைவரான பிறகு காலின்ஸ் நடந்துகொண்ட விதம்தான் அவருடைய வாழ்க்கையிலேயே அதிகம் குழப்பமானது. வெளியே, வடக்கின் பிரதமர் ஜேம்ஸ் கிரெய்க்குடன் ஜனவரியிலும் மார்ச்சிலும் சமாதான ஒப்பந்தம். உள்ளே, வடக்கு அரசை ஏற்க மறுத்த கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு டப்ளினிலிருந்து சம்பளம். இன்னும் உள்ளே, வடக்கிலுள்ள ஐ.ஆர்.ஏவுக்கு ரகசியமாக ஆயுதம். பிரிட்டன் கொடுத்த துப்பாக்கிகளை அப்படியே அனுப்பினால் வரிசை எண்ணால் மாட்டிக்கொள்வோம் என்று, தெற்கிலுள்ள படையினரின் பழைய துப்பாக்கிகளோடு மாற்றி அனுப்பினார்கள்.

அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1920 முதல் 1922 வரை பெல்ஃபாஸ்ட்டில் நடந்த மோதலில் செத்த நூற்றுக்கணக்கானோரில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் விரட்டப்பட்டார்கள். ஆனால் 1922 மே மாதம் தொடங்கிய வடக்குத் தாக்குதல் படுதோல்வி. பதிலுக்குப் பதில் என்று இறங்கியதில் ஜூன் 17 அன்று, நியூரி அருகே ஆல்ட்நவே என்ற இடத்தில் 6 புராட்டஸ்டன்ட்களை ஐ.ஆர்.ஏவினர் கொன்றார்கள். அவர்கள் செய்த குற்றம் அங்கே குடியிருந்தது மட்டும்தான். ஐக்கிய அயர்லாந்து என்றால் தங்களுக்கு என்ன நடக்கும் என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய பிரசாரம் தேவைப்படவில்லை.

ஜூன் 22ல், வடக்கு அரசின் ராணுவ ஆலோசகராக இருந்த சர் ஹென்றி வில்சன் லண்டனில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். காலின்ஸ் உத்தரவா என்பதில் வரலாற்றாசிரியர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் லண்டன் பழியைப் போட்டது டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் கட்டடத்தைப் பிடித்து வைத்திருந்த ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் மீது. நெருக்கடி கூடியது. ஜூன் 28 அன்று, பிரிட்டனிடம் கடன் வாங்கிய பீரங்கிகளால் தன் பழைய தோழர்களைக் காலின்ஸ் தாக்கினார். உள்நாட்டுப் போர் தொடங்கியது. அந்தக் கட்டட வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகமும் எரிந்தது. பல நூற்றாண்டு ஆவணங்கள் சாம்பல். கோப்புகளைக் காதலித்த ஒரு மனுஷனின் போரில் இப்படி ஆனது.

வடக்கு? அதைப் பற்றி யோசிக்க அப்புறம் யாருக்கும் நேரமில்லை.

ஆகஸ்ட் தொடக்கத்தில், நெருங்கிய நண்பரும் இப்போது எதிரணியுமான ஹாரி போலண்ட் சுடப்பட்டு இறந்தார். 12ஆம் தேதி கிரிஃபித் நோயால் போனார். 22ஆம் தேதி, சொந்தக் கவுண்டியான கார்க்கில் சுற்றுப்பயணம் போன காலின்ஸின் வாகன வரிசையை பேல் நா ப்ளா என்ற இடத்தில் மறைந்திருந்து தாக்கினார்கள். வண்டியை விரட்டிக்கொண்டு போகலாம் என்று கூட இருந்தவர் சொன்னார். காலின்ஸ் இறங்கி நின்று சண்டை போட்டார். அந்த மோதலில் செத்தது அவர் ஒருவர்தான். கிட்டி கீர்னன் என்ற பெண்ணுடன் அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

எல்லை ஆணையம் 1924ல்தான் வேலையைத் தொடங்கியது. பெரிய மாற்றம் எதுவும் வராது என்ற தகவல் 1925ல் பத்திரிகையில் கசிந்தது. மூன்று அரசுகளும் சேர்ந்து அறிக்கையையே மூடிவைத்து, கோட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டன.

இப்போ எங்கே நிற்கிறது?

1960களின் இறுதியில் தொடங்கி 30 ஆண்டுகள் நீடித்த வடக்கு அயர்லாந்து மோதலில் 3,500 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் பாதிக்கும் மேற்பட்ட கொலைகள் குடியரசுவாத ஆயுதக் குழுக்கள் செய்தவை. யூனியனிஸ்ட் ஆயுதக் குழுக்களும் பிரிட்டிஷ் படைகளும் செய்தவை மீதி. 1976 ஜனவரியில் ஒரு நாள் 6 கத்தோலிக்கர்கள், மறுநாள் கிங்ஸ்மில்லில் 10 புராட்டஸ்டன்ட் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். கிங்ஸ்மில் இருப்பது தெற்கு ஆர்மா பகுதியில். 1922ன் ஆல்ட்நவே அங்கிருந்து ரொம்ப தூரமில்லை.

அத்தனை சாவுக்கும் பிறகு எல்லை ஓர் அடிகூட நகரவில்லை. 1998 பெல்ஃபாஸ்ட் ஒப்பந்தம்தான் புது வழி திறந்தது. வடக்கில் பெரும்பான்மை மக்கள் வாக்களித்தால், தெற்கும் சம்மதித்தால், தீவு ஒன்றாகலாம். வாக்கெடுப்பில் வடக்கில் 71 சதவீதமும் தெற்கில் 94 சதவீதமும் இதை ஏற்றார்கள்.

மறு இணைப்புக்கு இன்று சொல்லப்படும் காரணங்களில் துப்பாக்கி வாசனை இல்லை. 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் வடக்கின் 55.8 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே இருக்கலாம் என்றார்கள், ஆனாலும் வெளியே வர வேண்டியதாயிற்று. அயர்லாந்தோடு இணைந்தால் தனி விண்ணப்பம் இல்லாமலே ஒன்றியத்துக்குள் திரும்பலாம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கப் பின்னணி கொண்டவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் மற்றும் பிற கிறிஸ்தவப் பின்னணி 43.5 சதவீதம். புராட்டஸ்டன்ட் பெரும்பான்மைக்காகவே வரையப்பட்ட எல்லைக்குள் இது நடந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் ஷின் ஃபெயினின் மிஷெல் ஓ'நீல் வடக்கின் முதல்வரானார்.

ஆனால் கத்தோலிக்கர் எல்லாரும் இணைப்புக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று எடுத்துக்கொண்டால் அது காலின்ஸ் போட்ட அதே தப்புக் கணக்கு. இலவச மருத்துவ சேவை என்னாகும், லண்டன் ஆண்டுதோறும் கொடுக்கும் பெரும் மானியத்தை டப்ளின் தாங்குமா என்று கேட்கிறவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. இதுவரை வடக்கில் எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலும் பிரிட்டனோடு இருப்பதே முன்னணியில் இருக்கிறது. தவிர, அப்பாவை, அண்ணனை ஐ.ஆர்.ஏவிடம் பறிகொடுத்த யூனியனிஸ்ட் குடும்பங்கள் அந்த வாக்குச்சாவடிக்கு வரும்போது கொடி, தேசிய கீதத்தை மட்டும் யோசித்துக்கொண்டு வரப்போவதில்லை.

2022 ஆகஸ்டில் பேல் நா ப்ளாவில் காலின்ஸின் நூற்றாண்டு நினைவு நாள். அவரை ஆதரித்தவர்கள் வழிவந்த ஃபின கேல் கட்சித் தலைவர் லியோ வரத்கரும், எதிர்த்தவர்கள் வழிவந்த ஃபியன்னா ஃபாயில் தலைவர் மீஹால் மார்ட்டினும் ஒரே மேடையில் பேசினார்கள். அந்த இரு கட்சிகளும் அப்போது கூட்டணி அரசில் இருந்தன. நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு எதிரே முக்கிய எதிர்க்கட்சியாக உட்கார்ந்திருந்தது ஷின் ஃபெயின், 1918ல் காலின்ஸ் எந்தப் பெயரில் நின்று ஜெயித்தாரோ அதே பெயர். வடக்கில் வாக்கெடுப்புக்கு எப்போது தேதி குறிப்பது என்ற முடிவு மட்டும் ஒப்பந்தப்படி இன்னும் லண்டன் அமைச்சர் ஒருவர் கையில் இருக்கிறது.